திருச்சி டு கோலாலம்பூர்: நண்பர்களோட வெளிநாட்டுப் பிறந்தநாள், கடன் இல்லாம கொண்டாடுவது எப்படி?

போன வாரம் நம்ம சேனல்ல "சம்பளம் வந்த பத்தாவது நாளே காலியாவது ஏன்?" வீடியோ போட்டிருந்தோம். அதுக்கு வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி கேள்வி பல தடவை இருந்தது. சுருக்கமா இதுதான்: "அடுத்த வருஷம் பிறந்தநாளுக்கு நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து வெளிநாடு போகலாம்னு இருக்கோம். மாசம் 30,000 ரூபாய் சம்பளம். இது நியாயமான ஆசையா, வெட்டிச் செலவா?"

என் பதில்: ஆசை நியாயமானதுதான். நம்ம திண்டுக்கல்ல மில்லு கணக்குப் பிரிவுலயோ, ஃபைனான்ஸ் ஆபீஸ்லயோ, தனியார் பள்ளியிலயோ வேலை பார்க்கிற பையனோ பொண்ணோ வருஷத்துல நாலு நாள் வெளிய போறது குற்றம் இல்ல. ஆனா எந்தப் பணத்துல போறீங்க என்பதுதான் கேள்வி. சேர்த்த பணத்துல போனா அது கொண்டாட்டம். கார்டுல போனா, கேக் வெட்டி முடிச்ச பிறகும் பல மாசத்துக்கு அதுக்கு வட்டி கட்டிக்கிட்டு இருப்பீங்க.

இன்னைக்குப் பாடத்துக்கு ஒரே ஒரு உதாரணம் எடுத்துக்குவோம்: திண்டுக்கல்லில் இருந்து நாலு நண்பர்கள், 4 நாள் 3 இரவு, கோலாலம்பூர். பேப்பர் பேனா எடுத்துக்கோங்க.

ஏன் கோலாலம்பூர்?

காரணம் மூணு.

ஒண்ணு, விசா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாம மலேசியாவுக்குச் சுற்றுலா போகலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிச்சிருக்காங்க. விசா கட்டணமும் இல்ல, அதுக்கான அலைச்சலும் இல்ல.

ரெண்டு, தூரம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கு. திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்கு ரயிலோ பஸ்ஸோ பிடிச்சா சுமார் 100 கிலோமீட்டர். சென்னைக்குப் போய் ஒரு ராத்திரி ரூம் போடுற செலவு மிச்சம்.

மூணு, செலவில்லாம பார்க்க நிறைய இருக்கு. பத்துமலை முருகன் சிலை 140 அடி உயரம், 2006-ல் திறந்தது. 272 படி ஏறி குகைக் கோயிலுக்குப் போக டிக்கெட் கிடையாது. கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன்ல கொமுட்டர் ரயில் ஏறினா நேரா பத்துமலையிலேயே இறங்கலாம். பழனி நம்ம மாவட்டம். பிறந்தநாள் காலையில் முருகனைப் பார்க்கணும்னு வீட்டுல அம்மா சொன்னா, அதையும் நிறைவேத்திடலாம். சாயங்காலம் 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்துக்குக் கீழ இருக்கிற பூங்காவில் நீரூற்று பார்க்கவும் காசு கிடையாது. மேல ஏறிப் பார்க்கத்தான் டிக்கெட்.

வேற ஊர் போறவங்களும் இதே முறையில் கணக்குப் போடலாம். மதுரையிலிருந்து விமானத்துல கொழும்பு போறவங்களுக்கு ஒரு கூடுதல் வசதி: இலங்கையில் 2024 பிப்ரவரி 12 முதல் நம்ம யுபிஐ வேலை செய்யுது.

பாடம் 1: முதல்ல மூணு கதவைத் தட்டுங்க

டிக்கெட் விலை தேடுறதுக்கு முன்னாடி இந்த மூணு கேள்விக்கும் பதில் எழுதுங்க.

1. மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கா? மாசம் 20,000 ரூபாய் செலவுன்னா 60,000 ரூபாய். இது சேமிப்புக் கணக்கிலோ எஃப்.டி.யிலோ தொடாம இருக்கணும்.

2. கிரெடிட் கார்டுல பழைய பாக்கி இருக்கா? போன மாசப் பில்லை முழுசா கட்டாம "மினிமம் டியூ" மட்டும் கட்டியிருந்தா, இந்தக் கதவு பூட்டித்தான் இருக்கு.

3. உங்களுக்கும், உங்களை நம்பி இருக்கிறவங்களுக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கா? ஆபீஸ் கொடுக்கிறதுல அப்பா அம்மா சேர்ந்திருக்காங்களான்னு பாருங்க. பல கம்பெனிகள்ல சேர்ந்திருக்க மாட்டாங்க.

மூணுக்கும் "ஆமா, பிரச்சனை இல்ல" என்றால் அடுத்த பாடத்துக்கு வாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் பயணத்தை ஒரு வருஷம் தள்ளி வைங்க. பிறந்தநாள் வருஷா வருஷம் வரும். வீட்டுல ஒருத்தர் ஆஸ்பத்திரியில் படுத்தா, அது தேதி சொல்லிட்டு வராது. அப்போ நகையைத் தூக்கிட்டு அடகுக் கடைக்குப் போற நிலைமை வந்தா, இரட்டைக் கோபுரத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ உங்களுக்கு உதவாது.

பாடம் 2: ஒரு தலைக்கு எவ்வளவு?

கணக்குக்காக ஒரு ரிங்கிட் = 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே இருப்பது நான் கணக்குக்கு எடுத்துக்கிட்ட தொகை. நீங்க புக் பண்ற நாள்ல விலையைப் பார்த்து, அந்தந்த வரியில் உங்க எண்ணை எழுதுங்க.

- விமானம், போக வர, பெட்டி எடையோட: ரூ.16,000
- திண்டுக்கல் – திருச்சி போக வர: ரூ.600
- தங்குமிடம்: ரெண்டு பேருக்கு ஒரு ரூம், ஒரு இரவுக்கு 180 ரிங்கிட். தலைக்கு 90 ரிங்கிட், 3 இரவு = 270 ரிங்கிட். கூடவே சுற்றுலா வரி தலைக்கு 15 ரிங்கிட். மொத்தம் 285 ரிங்கிட்: ரூ.5,700
- சாப்பாடு, ஒரு நாளைக்கு 60 ரிங்கிட், 4 நாள்: ரூ.4,800
- ஊருக்குள்ள ரயில், டாக்ஸி, ஏர்போர்ட் போக்குவரத்து, 130 ரிங்கிட்: ரூ.2,600
- நுழைவுச் சீட்டுகள், 200 ரிங்கிட்: ரூ.4,000
- பிறந்தநாள் விருந்து, 150 ரிங்கிட்: ரூ.3,000
- பயணக் காப்பீடு: ரூ.600
- சிம் கார்டு, 35 ரிங்கிட்: ரூ.700
- வீட்டுக்கு வாங்கிட்டு வர்ற சாமான்: ரூ.4,000

கூட்டினா ரூ.42,000.

இதோட முடிச்சிடாதீங்க. வெளியூர்ல கணக்கு எப்பவும் தப்பும். 15 சதவீதம் கூட வைங்க: ரூ.6,300. ஆக ரூ.48,300. பாஸ்போர்ட் இல்லாதவங்களுக்கு 36 பக்க சாதாரண பாஸ்போர்ட் கட்டணம் ரூ.1,500 சேர்த்தா ரூ.49,800. முழுசா 50,000 ரூபாய் என்று இலக்கு வைங்க.

இதில் பலரும் விட்டுவிடும் ரெண்டு வரி இருக்கு.

முதல் வரி சுற்றுலா வரி. மலேசியாவில் வெளிநாட்டுக்காரங்க தங்குற ரூமுக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் வசூலிப்பாங்க. ஆன்லைன்ல ரூமுக்குப் பணம் கட்டிட்டோமேன்னு போனா, கவுன்ட்டர்ல தனியா கேட்பாங்க. அது ஏமாத்து வேலை இல்ல, சட்டப்படி வர்ற வரி.

ரெண்டாவது பயணக் காப்பீடு. "நாலு நாளுக்கு எதுக்கு?" என்று கேட்பீங்க. உங்க மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்தியாவுக்குள்ள மட்டும்தான் செல்லும். அங்க கால் சுளுக்கி எக்ஸ்ரே எடுத்தாலே முழுக் காசும் கைக்காசுதான். 600 ரூபாயை இங்க மிச்சம் பிடிக்காதீங்க.

இன்னொரு விஷயம், தேதி. உங்க பிறந்தநாள் தைப்பூசத்தை ஒட்டி வந்தா பத்துமலையில் கூட்டம் அலைமோதும். ஆகஸ்ட் 31 மலேசிய சுதந்திர தினம், செப்டம்பர் 16 மலேசியா தினம். அங்கேயும் லாங் வீக்கெண்ட் வந்தா ஓட்டல் விலை ஏறும். நம்ம ஊர் லீவு காலண்டரையும் அந்த ஊர் லீவு காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பிறந்தநாள் புதன்கிழமை வந்தா அதே நாளில் அங்க இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஒரு வாரம் தள்ளிப் போனா டிக்கெட் விலை குறையும்னா, தள்ளிப் போங்க.

பாடம் 3: முன்னாடி கட்டுறீங்களா, பின்னாடி கட்டுறீங்களா?

50,000 ரூபாய்க்கு ரெண்டு வழி இருக்கு.

வழி அ: பிறந்தநாளுக்கு 12 மாசம் முன்னாடி பேங்க்ல ஒரு ஆர்.டி. தொடங்குறீங்க. மாசம் ரூ.5,000, 10 மாசம். 6.5% வட்டின்னு வச்சுக்கிட்டா சுமார் ரூ.1,490 வட்டி கிடைக்கும். கையில் வர்றது சுமார் ரூ.51,490. பயணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி பணம் கையில் வந்துடும். அப்போ டிக்கெட் போடலாம்.

வழி ஆ: பிறந்தநாளுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஆப்புல பெர்சனல் லோன் எடுக்கிறீங்க. 50,000 ரூபாய், 16% வட்டி, 12 மாசம். இ.எம்.ஐ. சுமார் ரூ.4,537. மொத்தம் கட்டுறது சுமார் ரூ.54,440. பிராசசிங் கட்டணம் 2%, அதுக்கு 18% ஜி.எஸ்.டி. சேர்த்து இன்னொரு ரூ.1,180. ஆக ரூ.55,620.

ரெண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 7,100 ரூபாய். ஊரும் அதே ஊர், விமானமும் அதே விமானம். மாசாமாசம் கட்டுற தொகைகூட கிட்டத்தட்ட ஒண்ணுதான். முன்னாடி கட்டினா பேங்க் உங்களுக்கு வட்டி தருது, பின்னாடி கட்டினா நீங்க பேங்குக்கு வட்டி தர்றீங்க. அவ்வளவுதான்.

வழி அ-வுக்கு இன்னொரு நன்மையும் இருக்கு. நாலாவது மாசமே உங்களால 5,000 கட்ட முடியலன்னா, இந்தப் பயணம் உங்க சம்பளத்துக்குப் பெரிசுன்னு அப்பவே தெரிஞ்சிடும். ஆர்.டி.யை நிறுத்திட்டு கட்டின காசை எடுத்துக்கலாம். வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் நஷ்டம். லோன்ல இதே உண்மை தெரிய வர்றப்போ நீங்க ஊர் சுத்தி முடிச்சிருப்பீங்க.

ஒரு எச்சரிக்கை: போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. நல்ல திட்டம்தான், ஆனா அது 5 வருஷத்துக்கு. இந்த மாதிரி குறுகிய இலக்குக்குப் பேங்க் ஆர்.டி.தான் சரி. ஓடிக்கிட்டு இருக்கிற எஸ்.ஐ.பி.யையும் இதுக்காக நிறுத்தாதீங்க.

பாடம் 4: பணத்தை எப்படிக் கொண்டு போறது?

இங்கதான் கண்ணுக்குத் தெரியாம காசு ஒழுகும்.

சாதாரண கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை மார்க்அப் போடுவாங்க. அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா 4.13% வருது. அங்க போய் 25,000 ரூபாய் தேய்ச்சா, சும்மாவே 1,032 ரூபாய் போகும். நாலு பேருக்குக் கணக்குப் போட்டா ஒரு நல்ல விருந்து.

என்ன செய்யலாம்?

- மார்க்அப் இல்லாத அல்லது குறைவான கார்டு யார்கிட்டயாவது ஏற்கெனவே இருந்தா அதைப் பயன்படுத்துங்க. இதுக்காகவே ஆண்டுக் கட்டணம் கட்டிப் புது கார்டு வாங்க வேண்டாம்.
- ஃபாரெக்ஸ் கார்டு வாங்கினா, கார்டு கட்டணம், மீதிப் பணத்தைத் திரும்ப எடுக்கிற கட்டணம் ரெண்டையும் கேட்டுக்கிட்டு வாங்குங்க.
- கொஞ்சம் ரிங்கிட் நோட்டு கையில் வேணும். இங்கேயே பேங்க்லயோ ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நாணய மாற்று நிறுவனத்திலயோ வாங்குங்க. 25,000 ரூபாய் வரை மாத்தினா ஜி.எஸ்.டி. 45 ரூபாய்தான். நாலு இடத்துல ரேட் கேளுங்க. விமான நிலையக் கவுன்ட்டரைக் கடைசி வழியா வைங்க.
- கடையில் கார்டு தேய்க்கிறப்போ மெஷின் கேட்கும்: "ரூபாயில் கட்டுறீங்களா, ரிங்கிட்டில் கட்டுறீங்களா?" ரூபாய்னு பார்த்ததும் நம்ம காசாச்சேன்னு கை தானா அங்க போகும். அழுத்தாதீங்க. அந்த மாற்று விகிதத்தைப் போடுறது கடைக்கார மெஷின் பக்கம். உங்களுக்கு நஷ்டமா இருக்கும். எப்பவும் ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்க.
- கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.-ல போட்டுப் பணம் எடுக்காதீங்க. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், சலுகை நாள் கிடையாது.

பாடம் 5: பேக்கேஜ் எடுத்தா டி.சி.எஸ். கவனிங்க

விமானம், ஓட்டல் ரெண்டையும் சேர்த்து டூர் ஏஜென்ட்கிட்ட பேக்கேஜா வாங்கினா, மேல டி.சி.எஸ். வசூலிப்பாங்க. 2025-ம் ஆண்டு நிலவரப்படி, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை 5% ஆக இருந்தது. டிக்கெட்டை மட்டும் தனியா, ஓட்டலைத் தனியா நீங்களே புக் பண்ணினா அது பேக்கேஜ் கணக்கில் வராது. இந்த விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது. பணம் கட்டுற வாரத்தில் ஒரு தடவை சரிபாருங்க.

டி.சி.எஸ். என்பது போன காசு இல்ல. உங்க பான் எண்ணில் வரவா நிக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்ப வாங்கலாம். 2024 அக்டோபரிலிருந்து இன்னொரு வசதியும் இருக்கு: அதுக்கான படிவத்தை நிரப்பி ஆபீஸ்ல கொடுத்தா, சம்பளத்தில் பிடிக்கிற டி.டி.எஸ்.-ஐ அந்த அளவுக்குக் குறைச்சுக்குவாங்க.

இதுல நண்பர்கள் கூட்டம் பண்ற தப்பு என்னன்னா, நாலு பேருக்கும் சேர்த்து ஒருத்தர் பேர்ல பில் போடுறது. 1,40,000 ரூபாய் பேக்கேஜ்னா, 2025-ல் இருந்த 5% கணக்குப்படி 7,000 ரூபாய் டி.சி.எஸ். நாலு பேரும் பங்கு போட்டுக் கொடுத்த காசு, ஆனா ஒருத்தர் பான்ல மட்டும் நிக்கும். அவர் ரீஃபண்டு வாங்கினா மத்த மூணு பேருக்கும் ஆளுக்கு 1,750 ரூபாய் திருப்பித் தரணும்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பான்ல தனித்தனி பில் கேளுங்க.

பாடம் 6: நட்பும் காசும்

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிச்சுத் தெரிஞ்சுக்கல.

சில வருஷத்துக்கு முன்னாடி, என்கூட காலேஜ்ல படிச்ச ஒருத்தனுக்குப் பிறந்தநாள். நாங்க அஞ்சு பேர் வெளிநாடு போறதா முடிவாச்சு. டிக்கெட் விலை ஏறிக்கிட்டே இருந்தது. "மாப்ள, உன் கார்டுல போட்டுடு, சம்பளம் வந்ததும் தந்துடுறேன்டா" என்றான். நானும் யோசிக்காம அவனுக்கும் எனக்கும் சேர்த்து 36,000 ரூபாய்க்குப் போட்டேன். ஆளுக்கு 18,000.

பயணம் நல்லாத்தான் இருந்தது. திரும்பி வந்ததும் பில் வந்தது. அவன் "அடுத்த மாசம்" என்றான். எனக்கோ முழு பில்லையும் கட்டுற வழி இல்ல. மினிமம் டியூ கட்டினேன்.

அந்தக் கணக்கை உங்களுக்காக இப்போ போட்டுக் காட்டுறேன். 36,000 ரூபாய் பாக்கிக்கு மாசம் 3.5% வட்டின்னா 1,260 ரூபாய். அதுக்கு 18% ஜி.எஸ்.டி. 227 ரூபாய். ஆக 1,487. மினிமம் டியூ 5%, அதாவது 1,800 ரூபாய் கட்டினா, அசல்ல குறையுறது வெறும் 313 ரூபாய். ஒரு மாசம் முழுக்க வேலை பார்த்துக் கட்டின 1,800-க்கு இதுதான் பலன்.

அவன்கிட்ட கேட்க எனக்குச் சங்கடம். எனக்குப் பதில் சொல்ல அவனுக்குச் சங்கடம். முதல்ல போன் எடுக்கிறதைக் குறைச்சான். அப்புறம் குரூப்ல பேசுறதைக் குறைச்சான். பிறகுதான் இன்னொருத்தன் மூலமா தெரிஞ்சது: அந்தப் பயணத்துக்கு வர அவனுக்கு வசதியே இல்ல. அவன் பேர்ல கொண்டாட்டம் வச்சிருக்கோம், வர முடியாதுன்னு எப்படிச் சொல்றதுன்னு வந்திருக்கான்.

நாலு மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா யுபிஐல பணம் முழுசா வந்துடுச்சு. ஆனா பழைய மாதிரி ராத்திரி பதினொரு மணிக்கு பிரியாணிக் கடைக்குக் கூப்பிடுற நட்பு வரல. இப்போ அவன் பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்ல வாழ்த்து அனுப்புறேன். "தேங்க்ஸ்டா"ன்னு பதில் வரும். அவ்வளவுதான்.

தப்பு அவன்மேல மட்டும் இல்ல. "உன்னால முடியுமாடா?" என்று தனியா ஒரு வார்த்தை நாங்க யாருமே கேட்கல. அதனால இப்போ எங்க கூட்டத்துல சில விதிகள் இருக்கு. நீங்களும் எடுத்துக்கோங்க.

1. தொகையை முதல்ல சொல்லுங்க, ஊரை அப்புறம் சொல்லுங்க. "கோலாலம்பூர் போலாமா?" என்று கேட்டா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. "தலைக்கு 50,000 ஆகும், பத்து மாசம் 5,000 கட்டணும், முடியுமா?" என்று கேளுங்க. அதையும் குரூப்ல கேட்காதீங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா போன்ல கேளுங்க. குரூப்ல எல்லாரும் கட்டைவிரல் தூக்குவாங்க.

2. யாராவது ஒருத்தருக்கு முடியாதுன்னா, பிளானைச் சின்னதாக்குங்க. ஆளைக் கழட்டி விடாதீங்க. கொடைக்கானல் நம்ம மாவட்டம்தான். சிறுமலை கூப்பிடு தூரம். அங்க கொண்டாடினாலும் வயசு ஒண்ணுதான் ஏறும்.

3. டிக்கெட்டை அவங்கவங்க காசுல, அவங்கவங்க கார்டுல போடணும். நாலு பேரும் ஒரே நேரத்துல உட்கார்ந்து போடுங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் கடன் வேண்டாம்.

4. லீவு எழுத்துல கிடைச்ச பிறகுதான் டிக்கெட். "மேனேஜர் தர்றேன்னு சொல்லியிருக்கார்" என்பது லீவு இல்ல. கடைசி நேரத்துல வர முடியலன்னா, அவர் டிக்கெட் நஷ்டம் அவருடையது. ரூம் பங்கு ஏறினா அதையும் அவரே தரணும். இதை முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க. நடந்த பிறகு பேசினா சண்டை.

5. அங்க போய் ஒரு பொதுப் பை வைங்க. முதல் நாள் ஆளுக்கு 300 ரிங்கிட் போட்டு, டாக்ஸி, சாப்பாடு, தண்ணி எல்லாம் அதிலிருந்து கொடுங்க. ஒருத்தர் கணக்கு எழுதணும். மீதி வந்தா சமமாப் பிரிங்க. "நான் கொடுத்தேன், நீ கொடுத்தே" என்ற பேச்சே வராது.

6. ட்ரீட் யார் செலவு? நம்ம ஊர் வழக்கப்படி பிறந்தநாள்காரர்தான் ட்ரீட் வைக்கணும். ஊர்ல நாலு பிளேட் பிரியாணி வாங்கித் தர்றது வேற. வெளிநாட்டுல நாலு பேருக்கு 12,000 ரூபாய் விருந்து வைக்கிறது வேற. இதைத் திருப்பிப் போடுங்க: பிறந்தநாள்காரரோட பங்கு 3,000 ரூபாயை மத்த மூணு பேரும் ஆளுக்கு 1,000 போட்டுக் கட்டட்டும். அதுதான் பரிசு. தனியா கிஃப்ட் வேண்டாம். அடுத்த வருஷம் இன்னொருத்தர் முறை.

பாடம் 7: கிளம்புறதுக்கு முன்னாடி செக் பண்ண வேண்டியவை

- பாஸ்போர்ட் இன்னும் 6 மாசமாவது செல்லுபடியாகணும். நம்ம மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ வருது. ஆர்.டி. தொடங்குற மாசமே விண்ணப்பிங்க. கடைசி நேரத் தட்கல்னா கூடுதலா 2,000 ரூபாய்.
- டிக்கெட்டில் பேர், பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கணும். இனிஷியல் விரிவாக்கத்துல நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டிக்குவாங்க.
- மலேசியாவுக்குப் போறதுக்கு 3 நாளுக்குள்ள டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பணும். அரசு தளத்தில் இது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவா இருந்தாலும் மூடிடுங்க.
- திரும்பி வர்ற டிக்கெட், ஓட்டல் புக்கிங் ரெண்டையும் பிரிண்ட் எடுத்து வைங்க. குடிநுழைவு அதிகாரி கேட்டா காட்டணும்.
- கார்டுல வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்புல ஆன் பண்ணுங்க, லிமிட்டை வேண்டிய அளவுக்கு மட்டும் வைங்க. திரும்பி வந்த அன்னைக்கே ஆஃப் பண்ணுங்க.
- இந்த மாச இ.எம்.ஐ., வாடகை, வீட்டுக்கு அனுப்புற பணம் எல்லாத்தையும் கட்டிட்டுக் கிளம்புங்க.

இந்த வார வீட்டுப்பாடம்

மூணே மூணு வேலை.

முதல் வேலை: பாடம் 1-ல் இருக்கிற மூணு கேள்விக்கும் உண்மையான பதில் எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம்.

ரெண்டாவது: பாடம் 2 பட்டியலை உங்க ஊருக்கு, உங்க தேதிக்கு மாத்தி எழுதுங்க. 15 சதவீதம் சேர்க்க மறக்காதீங்க. வர்ற தொகையைப் பத்தால் வகுங்க. அந்த மாசத் தொகை உங்க கைக்கு வர்ற சம்பளத்துல ஆறில் ஒரு பங்குக்கு மேல போனா, நாளைக் குறைங்க, இல்ல ஊரை மாத்துங்க, இல்ல இன்னும் சில மாசம் கூடுதலா சேருங்க. 30,000 சம்பளத்துக்கு 5,000 என்பது சரியா அந்த எல்லையில் நிக்குது. வீட்டு வாடகை, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் எல்லாம் உங்க தலையில் இருந்தா, ஆறில் ஒண்ணும் அதிகம்தான்.

மூணாவது வேலைதான் கஷ்டம். கூட்டத்துல ரொம்பப் பேசாம "ஓகே" மட்டும் போடுற நண்பர் ஒருத்தர் இருப்பார். அவருக்கு இன்னைக்கு ஒரு போன் போடுங்க. "டேய், உனக்கு இது தோதுப்படுமாடா? இல்லன்னா நான் சொன்னதா சொல்லி பிளானை மாத்திடுறேன்" என்று சொல்லுங்க. அந்த ஒரு போன் போடாததால எனக்கு எவ்வளவு நஷ்டம்னு மேல எழுதியிருக்கேன். அதுல 18,000 ரூபாய் திரும்பி வந்துடுச்சு.

நீங்க போட்ட கணக்கைக் கமெண்ட்ல எழுதுங்க. எந்த வரியில் சந்தேகமோ அதைக் கேளுங்க, அடுத்த வீடியோவில் சேர்ந்து பார்ப்போம். பிறந்தநாள் வர்றவங்களுக்கு முன்கூட்டியே வாழ்த்துகள்!